கை கழுவும் வேளை

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஹவுழ் இருந்த காலத்தில் அதில் மீன் இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இப்போது சுவரோரம் வரிசையாகப் பைப்புகள். திறந்தால் தண்ணீர், பூட்டினால் இல்லை. அன்று அப்படியல்ல. சீமெந்துக் கட்டில் குந்தியிருந்து, குனிந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விடவேண்டும். சுபஹுக்குப் போகும்போது இருட்டாக இருக்கும். கையை விட்டதும் விரல் இடுக்கில் ஏதோ கூசும். நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வேன். "மீன் மகன், ஒண்டும் செய்யாது" என்பார் வாப்பா. பாசியையும் நுளம்புக் குடம்பியையும் தின்னட்டும் என்று யாரோ கொண்டுவந்து விட்ட மீன்கள் அவை. பெரியவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை. வுழூச் செய்வார்கள், எழும்பிப் போவார்கள். கையில் வந்து முட்டிய மீனை நின்று பார்ப்பது சிறுவர்களின் வேலை.

இந்த ஹவுழை நான் பல வருடம் மறந்திருந்தேன். நினைவூட்டியவர் ஒரு சைவர்.

2006ஆம் ஆண்டு ஆசிரியர் கலாசாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் மூன்று வருடம் ஒரு கிராமப் பாடசாலையில் படிப்பித்திருந்தேன். எங்களுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவர் ஓய்வுக்குக் கிட்டிய வயதினர். யுத்தம் மீண்டும் மூண்டுவிட்ட காலம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி பஸ்ஸில் வந்து சேருவார். வரப் பிந்தினால் மன்னிப்புக் கேட்பார். ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றடியில் நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தோம். அவரும் வந்தார். வாளித் தண்ணீரைக் கையில் ஊற்றியபடி, "கை கழுவுற தண்ணியோட ஒரு மீன்குஞ்சு கைக்குள்ள வந்தா என்ன செய்வீங்கள் தம்பிமார்?" என்று கேட்டார். யாரோ ஒருவர், பொரிக்கக் காணாது சேர் என்றார். சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுக் கதையைச் சொன்னார்.

மனுவின் பெருவெள்ளக் கதை அது. மச்சாவதாரம் என்று நாம் கோயில் கோபுரத்தில் பார்த்திருக்கிறோம். பாதி மனிதன், பாதி மீன், தலையில் கிரீடம். அவர் சொன்ன கதையில் கிரீடமும் இல்லை, அவதாரமும் இல்லை. கதையின் மிகப் பழைய வடிவம் சதபத பிராமணத்தில் இருக்கிறது என்றார். வேள்விகளை எப்படிச் செய்வது, ஏன் செய்வது என்று விளக்குகின்ற வேத கால உரைநடை நூல் அது. கிறிஸ்துவுக்கு ஆறேழு நூற்றாண்டுகளாவது முற்பட்டது. எகலிங் என்ற ஜேர்மானியர் அதன் முதற் பகுதியை 1882இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் கிழிந்த பிரதியொன்று அவரிடம் இருந்தது. இரவல் தந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு மூன்று பக்கக் கதைதான். ஒரு கிழமை எடுத்தது.

காலையில் மனுவுக்குக் கை கழுவத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். கழுவும்போது ஒரு மீன் அவன் கைக்கு வருகிறது. வளர்த்தால் உன்னைக் காப்பாற்றுவேன் என்கிறது. எதிலிருந்து என்று மனு கேட்கிறான். எல்லா உயிரையும் அடித்துச் செல்லப் போகும் வெள்ளத்திலிருந்து என்கிறது மீன். எப்படி வளர்ப்பது என்று அடுத்த கேள்வி. சிறியவர்களாக இருக்கும்வரை எங்களுக்கு அழிவு அதிகம், மீனையே மீன் விழுங்கும், ஆகவே முதலில் பானையில் வை, பானை போதாதபோது குழி வெட்டி அதில் விடு, குழியும் போதாதபோது கடலுக்குக் கொண்டுபோ, அப்போது என்னை யாரும் அழிக்க முடியாது என்கிறது. அப்படியே நடக்கிறது. மீன் பெருமீனாகிறது. சொன்ன வருடத்தில் வெள்ளம் வருகிறது. மனு கட்டிவைத்த கப்பலின் கயிற்றை மீனின் கொம்பில் கட்டுகிறான். மீன் வடக்கு மலைக்கு இழுத்துச் செல்கிறது. கப்பலை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, தண்ணீர் வடிய வடியக் கீழே இறங்கு என்று சொல்கிறது. அத்துடன் மீனின் பங்கு முடிந்துவிடுகிறது. விடைபெற்றதாகக்கூட எழுதவில்லை.

இதிலே நான் கண்டு நின்ற இடம் ஒன்று உண்டு. மனு மீனிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். எதிலிருந்து காப்பாய்? எப்படி வளர்ப்பது? நீ யார் என்று அவன் கேட்கவே இல்லை. பேசுகின்ற மீன். வருங்காலம் தெரிந்த மீன். நாமாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்போம். அவன் கேட்கவில்லை, நூலும் சொல்லவில்லை. மீன் கடவுளா, தேவதையா, வெறும் மீனா என்பது அந்தப் பழைய கதைக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

கிணற்றடியில் நின்ற மௌலவி ஆசிரியர் ஒருவர், "நூஹ் நபி (அலை) அவர்களின் சம்பவந்தான் சேர் இது, மாறிப்போய் வந்திருக்கு" என்றார். விரிவுரையாளர் மறுக்கவில்லை, ஆமோதிக்கவுமில்லை. ஈராக்கின் களிமண் பலகைகளிலும் ஒரு வெள்ளக் கதை உண்டு, 1872இல் ஜோர்ஜ் சிமித் அதை வாசித்துச் சொன்னபோது ஐரோப்பாவே அதிர்ந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இன்றும் வாதாடுகிறார்கள் என்றார். பிறகு, "உங்கட வேதத்தில நூஹுக்கு ஒரு மகன் இருந்தானல்லோ, மனுவுக்கு அது இல்லை" என்றார். எங்களில் யாரும் அதை அப்படி யோசித்திருக்கவில்லை. ஸூரா ஹூதில் மகனைக் கப்பலில் ஏறும்படி தகப்பன் அழைக்கிறார். மலையில் ஏறித் தப்பிக்கொள்வேன் என்று அவன் நிற்கிறான். இருவருக்கும் நடுவில் அலை வருகிறது. நூஹ் நபியின் வெள்ளத்தில் எச்சரிக்கப்பட்ட ஒரு சமூகம் இருக்கிறது, கேலி செய்தவர்கள் இருக்கிறார்கள், 950 வருட உழைப்பு இருக்கிறது. மனுவின் வெள்ளத்துக்குக் காரணமே சொல்லப்படவில்லை. யாருடைய பாவத்துக்கும் தண்டனையாக அது வரவில்லை. வருகிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்படிச் சொன்னால் இரண்டையும் சரியாக வாசிக்கவில்லை என்று ஆகிவிடும்.

முஸ்லிம் வாத்தியாருக்கு இந்த நூல்களெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அல்பிரூனியைத்தான் அவர்களுக்குச் சொல்வேன். ஏறத்தாழ 1030இல் 'கிதாபுல் ஹிந்த்' எழுதிய அந்தப் பேரறிஞர் பதினெண் புராணங்களின் பட்டியலைத் தந்துவிட்டு, அவற்றில் தாம் கண்ணால் கண்டது மச்சம், ஆதித்தியம், வாயு ஆகிய மூன்றின் சில பகுதிகளை மாத்திரமே என்று ஒப்புக்கொள்கிறார். நமது மீன் கதை வருகிற மச்ச புராணம்தான் அது. ஆயிரம் வருடத்துக்கு முன் அவர் சமஸ்கிருதம் கற்றுப் படித்ததை நான் ஆங்கில மொழிபெயர்ப்பில் அரைகுறையாகப் படிக்கிறேன். வெட்கப்பட வேண்டியது அந்த அரைகுறைக்குத்தான்.

மகாபாரதத்துக்கு வருகிறேன். வனபர்வத்தில், காட்டில் இருக்கும் தருமனுக்கு மார்க்கண்டேய முனிவர் சொல்வதாக இந்தக் கதை வருகிறது. கை கழுவும் காட்சி போய்விட்டது. மனு இப்போது பெருந்தவசி. ஒற்றைக் காலில் நின்று, கைகளை மேலே தூக்கி, பத்தாயிரம் வருடம் தவம் செய்கிறான். சீரிணி ஆற்றங்கரையில், நனைந்த உடையும் சடையுமாக நிற்பவனிடம் மீன் வந்து பேசுகிறது. வீட்டு முற்றத்தில் நடந்தது காவியத்தில் தவக்காட்டுக்குப் போய்விட்டது. ஏழு முனிவர்கள் கப்பலில் ஏறுகிறார்கள். எல்லா விதைகளும் ஏறுகின்றன. கப்பல் கட்டிய இமயச் சிகரத்துக்கு நௌபந்தனம் என்று ஒரு பெயரும் கிடைத்துவிடுகிறது. கடைசியில் மீன் வாயைத் திறந்து, நான்தான் பிரஜாபதி பிரமன் என்கிறது.

ஆனால் காவியம் கொடுத்த ஒன்றை நான் விரும்புகிறேன். மனு அந்த மீனை மகனைப்போல வளர்த்தான் என்று அது சொல்கிறது. பழைய கதையில் மனுவும் மீனும் செய்துகொள்வது ஓர் ஒப்பந்தம்: வளர்த்தால் காப்பேன். காவியத்திலும் கைம்மாறு செய்வதாக மீன் சொல்லத்தான் செய்கிறது. ஆயினும் அவன் மனம் அதைக் கேட்டு அசையவில்லை, இரக்கத்தால் அசைகிறது. மிடாவில் விட்டு, குளத்தில் விட்டு, குளமும் போதாமல் கங்கையில் விட்டு, பிறகு கடலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அவ்வளவு பெரிய மீன் தூக்கும்போது பாரமாக இருக்கவில்லையாம். தொடவும் மணக்கவும் இனிதாக இருந்ததாம். பிள்ளையைத் தூக்கித் திரிந்தவன்தான் இதை எழுதியிருப்பான் என்று எனக்கொரு எண்ணம்.

மீன் சொல்லும் காரணம் மட்டும் மாறவில்லை. பலமுள்ள மீன் பலமில்லாத மீனைத் தின்கிறது, எங்களுக்கு அதுதான் என்றுமுள்ள பிழைப்பு என்கிறது. இதற்கு வடமொழியில் மத்ஸ்ய நியாயம் என்றொரு பெயர் உண்டு. மீன்களின் நீதி. அரசியல் பேசும் நூல்களெல்லாம் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. கௌடிலியரின் அர்த்த சாஸ்திரத்தில் ஓர் இடம் வருகிறது: மீன்களின் நீதியால் நசுங்கிய மக்கள், விவஸ்வானின் மகன் மனுவைத் தங்கள் அரசனாக்கிக்கொண்டார்கள், தானியத்தில் ஆறில் ஒன்றும் வியாபாரப் பொருளில் பத்தில் ஒன்றும் அவனுக்குக் கொடுத்தார்கள். வங்காளத்தில் எட்டாம் நூற்றாண்டில் கோபாலன் என்பவனை மக்கள் அரசனாக்கியதும் மீன்களின் நீதியை ஒழிப்பதற்காகவே என்று அவன் மகன் தர்மபாலனின் காலிம்பூர்ச் செப்பேடு கூறுகிறது.

பாரதத்தின் வெள்ளக் கதையில் மீனை வளர்ப்பவனும் இதே விவஸ்வானின் மகன்தான். ஒரு சின்ன மீனைப் பெரிய மீன்களிடமிருந்து காத்தவனையே, சனங்கள் தங்களைக் காக்கவும் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எந்தப் பழைய நூலும் சொல்வதை நான் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்ப்பது என் வேலையாகப் போயிற்று. பாரதத்தின் சாந்தி பர்வத்தில் மனு முதலில் தயங்குகிறான். ஆளுவது கடினம், அதிலும் பொய்யாக நடக்கும் மனிதரை ஆளுவது மிகக் கடினம், பாவம் வந்து சேருமே என்று பயப்படுகிறான். பயப்படாதே, பாவம் செய்தவனையே சேரும் என்று சனங்கள் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொள்கிறான். எனக்கு மனுவில் மிகவும் பிடித்த இடமும், மிகவும் உறுத்துகிற இடமும் இந்தத் தயக்கம்தான்.

ஏன் என்று சொல்கிறேன்.

கலாசாலைக்குப் போகுமுன் படிப்பித்த பாடசாலையில் 2004இல் ஆறாம் தரம் எனக்குத் தந்திருந்தார்கள். வயற்புறத்து ஊர். அந்த வருடக் கடைசியில் கடற்கரை ஊர்களைச் சுனாமி அள்ளிப்போனபோதும் எங்களிடம் தண்ணீர் வரவில்லை. நான் சொல்வது அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது. வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மெலிந்தவன், அளவில்லாத பெரிய சேட்டு. இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் வெளியே பாய்வார்கள். இவன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். "சேர், நான் ஒங்களோட நிக்கட்டா?" என்பான். முதல் நாள் சரி என்றேன். அடுத்த நாளும் வந்தான். மூன்றாம் நாள் விசாரித்தேன். மேல் வகுப்புப் பையன்கள் மூன்று பேர். இவனுடைய சாப்பாட்டைப் பறித்துக்கொள்கிறார்கள். கொடுக்காவிட்டால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கொண்டுபோய் அடிக்கிறார்கள்.

அப்போது நான் கேட்ட கேள்வியை இன்றும் என் காது கேட்கிறது. "நீ யார்ட மகன்?"

கிழக்கில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். யாருடைய பிள்ளை, என்ன குடி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நாம் ஒரு மனிதனுக்கு முகம் கொடுப்போம். அவன் சொன்னான். உம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வாப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். மூத்தம்மாவுடன் இருந்தான். அடித்தவர்களில் ஒருவன் யாருடைய மகன் என்றும் சொன்னான். அவன் தகப்பன் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருந்தார். நான் இருபத்தைந்து வயது வெளியூர் வாத்தியார். அவர் வீட்டுக்குப் பக்கத்து அறையில் தங்கியிருந்தேன். பகல் சாப்பாடும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.

"அவனுகளோட சேராத. போய் வெளையாடு" என்றேன். இடாப்பை விரித்து எதையோ எழுதத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான். அதற்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாடசாலைக்கும் வரவில்லை. இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் பூச்சியம் போட்டுப் போட்டு, பிறகு விதிப்படி பெயரையும் வெட்டினேன். கை கழுவிவிட்டேன் என்று தமிழில் சொல்கிறோமே, அதுதான் நடந்தது. கிணற்றடியில் விரிவுரையாளர் கதையைத் தொடங்கியபோது எல்லாரும் சிரித்தோம் என்று எழுதினேன். நானும் சிரித்தேன். விடுதிக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அது என்னைக் கடித்தது. கை கழுவுகிற அதே வேளையில் மனு மீனைக் கையில் எடுக்கிறான்.

புராணங்களுக்கு வந்தால் கேள்வி நுழைந்துவிடுகிறது. மச்ச புராணத்தில் மனு ஓர் அரசன். மகனிடம் நாட்டைக் கொடுத்துவிட்டு மலய மலைப் பக்கம் தவம் செய்கிறான். மீன் கமண்டலத்தை நிரப்புகிறது, பானையை, கிணற்றை, குளத்தை, கங்கையை நிரப்புகிறது, கடலையே நிரப்புகிறது. மனு நடுங்கிப்போய், நீ யார், அசுரனா, இல்லை வாசுதேவனா என்று கேட்டுவிடுகிறான். பழைய கதையில் கேட்கப்படாத கேள்வி இங்கே பயத்திலிருந்து பிறக்கிறது. மீன் விஷ்ணு என்று தெரிகிறது. கப்பலைத் தேவர்களே கட்டிவைத்துவிட்டார்கள். கயிற்றுக்குப் பதிலாகப் பாம்பு வருகிறது. மனுவுக்குச் செய்ய வேலையே குறைந்துவிட்டது.

பாகவதம் இன்னும் பிந்தியது. கி.பி. ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டளவில் தென்னாட்டில் உருவானது என்று பலர் கருதுகிறார்கள். அதற்குக் கதையும் சாட்சி சொல்கிறது. அதில் மனு, சத்தியவிரதன் என்ற பெயருடைய திராவிட அரசன். மீன் வருவது கிருதமாலை ஆற்றில். அதை மதுரை வைகை என்று சொல்வார்கள். வடக்கு மலையில் கப்பல் கட்டிய கதை, மலயத்துக்கு வந்து, பிறகு வைகைக் கரைக்கே வந்துவிட்டது. நாடு மாறும்போது வெள்ளமும் இடம் மாறுகிறது. இங்கே அரசன் தர்ப்பணம் செய்யும்போது கை நீரில் மீன் வருகிறது. ஆக, புராணங்களில் கை நீர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அரசன் அதை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுகிறான்! பெரிய மீன்களுக்கு நான் பயப்படுகிறேன், என்னை ஏன் திரும்ப விடுகிறாய் என்று மீன் கெஞ்சிய பிறகுதான் எடுக்கிறான். இந்த ஒரு தடுமாற்றத்துக்காகப் பாகவதத்தின் ஆசிரியரை நான் மெச்சுவேன்.

அது வேறொன்றையும் செய்கிறது. கதையைத் தொடங்குமுன்பே, கடவுள் ஏன் இழிவென்று எண்ணப்படுகின்ற மீன் உருவத்தை எடுத்தார் என்று பரீட்சித்து மன்னன் கேட்டுவிடுகிறான். ஆகவே மீன் கையில் வரும்போதே அது யாரென்று நமக்குத் தெரியும். அசுரன் ஒருவன் திருடிய வேதங்களை மீட்கவே அவதாரம் என்பதும் தெரியவருகிறது. மீனின் பயம் பாவனையாகிவிடுகிறது. பக்தி நூலுக்கு அது குறையல்ல, அதன் நோக்கமே அதுதான். கடவுள் தம்மைச் சிறிதாக்கிக்கொண்டு ஒரு மனிதனின் கைக்குள் வருவது பக்தனுக்கு எத்தனை பெரிய செய்தி என்று என் சைவ ஆசிரியர் கண் கலங்கச் சொன்னதுண்டு. நான் வெளியே நின்று வாசிப்பவன். பெயரில்லாத மீன் பிரமனாகி விஷ்ணுவாகிய பயணத்தில், மீன் வளர வளர, அதைத் தூக்கிய கை சிறுத்துப்போவதாகவே எனக்குப் படுகிறது. உள்ளே வந்தது ஆண்டவன் என்று தெரிந்தால் யார்தான் வளர்க்க மாட்டார்கள்?

சதபத பிராமணத்தில் கதை கப்பலோடு முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் கைவிட்ட ஒரு பகுதி அதில் உண்டு. மனு மட்டும் மிஞ்சுகிறான். பிள்ளை வேண்டும் என்று நெய்யையும் தயிரையும் மோரையும் தண்ணீரில் சொரிந்து வேள்வி செய்கிறான். ஒரு வருடத்தில் நீரிலிருந்து ஒரு பெண் எழுகிறாள். இடை என்பது அவள் பெயர். மித்திரனும் வருணனும் எதிர்ப்படுகிறார்கள். நீ யார் என்று கேட்கிறார்கள். மனுவின் மகள் என்கிறாள். எங்களுடையவள் என்று சொல்லு என்கிறார்கள். இல்லை, பெற்றவனுடையவளே நான் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். தேவர்கள் முன்னால் ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொல்கிறாள். பிறகு மனுவிடம் வருகிறாள். அவனும் கேட்கிறான், நீ யார் என்று! மீனிடம் கேட்காத கேள்வியைச் சொந்த மகளிடம் கேட்கிறான். நீ தண்ணீரில் இட்டவற்றிலிருந்து வந்தேன் என்று அவள் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் மூடியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பாதித்த வெள்ளம் அது. அப்போது நான் பழைய பாடசாலைக்கே மாற்றம் பெற்று வந்திருந்தேன். குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன. எந்த வயல் யாருடையது என்று தெரியாமல் ஒரே வெள்ளைத் தண்ணீர். வாடகை வீட்டில் மனைவியும் ஒன்றரை வயது மகளும் நானும். தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்த பிறகுதான் வெளிக்கிட்டோம். அவ்வளவு பிந்தியது என் பிழை. புத்தக அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீதியில் இடுப்பளவு ஓட்டம். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மதிலைப் பிடித்தபடி நின்றோம். உழவு மெஷின் ஒன்று பெட்டியோடு வந்து நின்றது. பெட்டி நிறையச் சனம். ஓட்டி வந்தவன் இறங்கி நீந்தாக்குறையாக வந்து மகளை என் தோளிலிருந்து எடுத்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். நல்ல உடம்பு.

"சேர், நீங்க எங்களுக்கு ஆறாம் வகுப்பு படிப்பிச்சீங்க" என்றான். அந்தக் கண்களை அப்போதுதான் பார்த்தேன்.

எங்களைப் பாடசாலைக் கட்டிடத்தில் இறக்கினான். ஒரு சாரமும் துவாயும் கொண்டுவந்து தந்தான். அன்று இருட்டும்வரை நாலைந்து முறை போய்ப் போய்ச் சனத்தை ஏற்றி வந்தான். அடித்தவனின் தகப்பனையும், இப்போது நடக்கமாட்டாத கிழவர், அவன்தான் தூக்கி வந்தான். எனக்கு அவனிடம் ஏதோ சொல்ல இருந்தது. சனத்துக்குள் சொல்ல முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுவின் மீனாவது வளர்த்தால் காப்பேன் என்றது. வளர்க்காதவனைக் காக்கும் மீன் எந்த நூலிலும் இல்லை. நான் தேடியிருக்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு அவனைப் பற்றிக் கேட்டேன். மெஷின் வேறொருவருடையது, கூலிக்கு ஓட்டியவன் என்றார்கள். கொஞ்ச நாளில் கட்டாருக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்கள்.

சென்ற தவணையில் ஏழாம் தரத்துக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஹவுழில் தொடங்கிச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், வளத்த மீனுக்கு மனு என்ன பேர் வெச்சார்?" என்று கேட்டது. பாகவதத்தில் மீனை சபரி என்கிறார்கள். கெண்டைக் குஞ்சைப்போல ஒரு சின்ன மீனுக்கான பொதுப் பெயர்தான் அது. சதபத பிராமணத்திலும் பாரதத்திலும் அதுவும் இல்லை. பேர் வைக்கவில்லை மகள் என்றேன்.

அன்று பின்னேரம் காரியாலயத்தில் பழைய இடாப்புகள் கிடக்கும் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பையனின் பெயர் எனக்கு ஞாபகமில்லை. மெஷினில் ஏறியபோதும் கேட்கவில்லை. 2003 இருந்தது. 2004 வெள்ளத்தில் ஊறி, காய்ந்து, பலகைபோல ஒட்டியிருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரு தாளை மெதுவாக உயர்த்தினேன். நீல மை முழுக்கக் கரைந்து போயிருந்தது. சிவப்பு மைப் பூச்சியங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.